பத்திரிகையில் இல்லாத தாய்மாமன்

"ஹலோ... ஹலோ, வினோவா? ... ஆங், அண்ணன்தான் பேசறேன். ... கடையிலதான் இருக்கேன். ... சாப்ட்டேன், சாப்ட்டேன். அத வுடு. கையில ஒரு பத்திரிகை வச்சிருக்கேன். ... வேற யாரு பத்திரிகை? நம்ம அனு கல்யாணப் பத்திரிகைதான்."

வில்லியனூர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் செந்தில்நாதன், ஏம்பலத்தில் கட்டிக்கொடுத்த ஒரே தங்கை வினோதினியிடம் பேசிக்கொண்டிருந்தான். அவள் மகள் அனுப்பிரியாவுக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். தாய்மாமனுக்குப் பத்திரிகை வைப்பதென்றால் சும்மாவா? குலதெய்வத்துக்கு வைத்த கையோடு, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, வீடு தேடி வந்து வைக்க வேண்டும். இந்தப் பத்திரிகையோ, பொட்டாஷ் வாங்க வந்த சுப்புராயன் பைக்குள் கண்ணாடியைத் தேடியபோது வழுக்கி வெளியே விழுந்தது. வாங்கிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்ற செந்தில்நாதன் திருப்பித் தரவே இல்லை.

"யார் குடுத்தாங்கன்றது இப்ப எதுக்கு? ... சுப்புராயன்தான். ஒங்க தெரு சுப்புராயன். ... ஆமா, ஆமா, அவுருக்குப் போன வாரமே வச்சுட்டீங்களாம். ... வர்றதா இருந்தியா? எப்ப? இன்னிக்கு சனிக்கிழம. புதன்கிழம முகூர்த்தம். எப்பம்மா வர்றதா இருந்த? ... சரி, சரி. வேல இருக்கும். ஒத்துக்கறேன். இப்ப நான் படிக்கிறேன், நீ கேளு. கீழ, வலது பக்கம். தாய்மாமன், திரு. சிவப்பிரகாசம், தவளக்குப்பம். அவ்ளோதான். அதுக்குக் கீழ அச்சகத்துப் பேருதான் இருக்குது. ... பெரியப்பா மவனும் தாய்மாமன்தான், நான் இல்லன்னு சொன்னனா? ஆனா ஒங்கூட ஒரே வயித்துல பொறந்தவன் நான் ஒருத்தன்தான வினோ. ... இன்னாது? அச்சுல வுட்டுப் போச்சா? ... வினோ. எங்கிட்டயே வா?"

அனு ஆளானபோது குச்சு கட்டியது செந்தில்நாதன். பதினோரு தட்டுச் சீரோடு தெருவே பார்க்க மேளம் வைத்துப் போனவன் செந்தில்நாதன். பத்தாவது பரீட்சைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றவனும் அவன்தான். அச்சில் விட்டுப்போகிற பேரா அது? 

"நீ மென்னு முழுங்காத. நானே சொல்றேன். நான் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போறது மாப்பிள வூட்டுக்குத் தெரிஞ்சு போச்சு. அதான? ... ஆமாவா, இல்லையா, அத ஒண்ணு சொல்லு. ... ம். ... ம். ... சம்பந்தியம்மா பாத்தாங்களா? எங்க? அந்த ரூம் வாசல்லயா? ... பாத்தா பாத்துட்டுப் போறாங்க. மனநல ஆலோசனன்னு போர்டு போட்டிருக்குது. சாராயக் கடைன்னா போட்டிருக்குது?"

போன வருஷம் இதே நாளில் செந்தில்நாதன் கிடந்த கிடை அவன் பெண்டாட்டிக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும். வியாபாரம் நடக்கும்போதே நெஞ்சைக் கவ்விப் பிடிக்கும். கை மரத்துப்போகும். இதோ செத்தோம் என்று உர மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வான். மூன்று இ.சி.ஜி., ஒரு எக்கோ, டிரெட்மில்லில் ஓடவிட்டும் பார்த்தார்கள், எல்லாம் நார்மல். கடைசியில் இருதய டாக்டரே சீட்டு எழுதி, உளவியல் நிபுணர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். எனக்கென்ன பைத்தியமா என்று சீட்டைக் கிழிக்கப் போனவன் இவன். கிழிக்க விடாமல் பிடுங்கி, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனவள் இதே வினோதினிதான். ஐந்து வாரம் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் காத்துக் கிடந்தாள்.

உள்ளே லில்லி மேடம் ஊசி போடவில்லை, மாத்திரை தரவில்லை. அவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். நெஞ்சு அடைக்கும்போது எங்கே இருந்தாய், மனசில் என்ன ஓடிற்று என்று நோட்டில் எழுதிவரச் சொன்னார். மூச்சை எண்ணி விடப் பழக்கினார். வலி பொய்யில்லை, ஆனால் அது இருதயத்தின் வலியில்லை, பயத்தின் வலி என்று அவனுக்கே புரியும்வரை பொறுமையாய்ப் பேசினார். ஆறாவது வாரம் அவன் காலையில் கடை திறந்து சாயங்காலம் மூடினான். நடுவில் ஒருமுறைகூடப் படுக்கவில்லை. இப்போதும் புதன்கிழமைகளில் மேடத்திடம் போய்வருகிறான்.

"நல்லாத்தான் இருக்கேன்னு நீயே ஊர் பூரா சொன்னியே வினோ. என் அண்ணன் பழையபடி ஆயிட்டான்னு. ... சரி, வுடு, அது இல்ல என் கேள்வி. அவங்க பாத்தது என்னிய. அப்பா போன் பண்ண கத அவங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது? ... எந்தக் கதன்னு கேக்காத. நல்லா தெரியும் ஒனக்கு."

அந்தக் கதையை அவன் வாய்திறந்து சொன்னது இரண்டே பேரிடம். அப்பா கடையில் தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்த அன்று, மகனுக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார். இவன் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். போன் சத்தம் அடக்கி வண்டிப் பெட்டிக்குள் கிடந்தது. இதை முதலில் லில்லி மேடத்திடம் சொல்லி அழுதான். வெளியே வந்து, ஆஸ்பத்திரி டீக்கடையில் தங்கையிடம் சொன்னான். அன்றைக்கு அவளும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"காலையில சுப்புராயன் சொல்றாரு, 'மாப்பிள வூட்டுல பேசிக்கினாங்க, ஒங்கப்பா மூணு தபா கூப்ட்டும் நீ எடுக்கலயாமே தம்பி, அதான் ஒனக்கு புத்தி கொஞ்சம் இப்டி ஆயிடுச்சாமே'ன்னு. அவுரு நல்ல மனசுலதான் கேட்டாரு. நான் பொட்டாஷ எட போட்டுக்கினே நின்னேன். எத்தினி கிலோ போட்டேன்னு எனக்கே தெரியல. ... இரு, நான் பேசி முடிச்சிடறேன். மொதல்ல லில்லி மேடத்தத்தான் சந்தேகப்பட்டேன். போன் பண்ணி கேட்டும் புட்டேன். அவங்க கோவப்படல. 'இந்த ரூமுக்குள்ள பேசறது ரூமத் தாண்டாது செந்தில்'னு சொன்னாங்க. அப்புறம் மெதுவா, வேற யாருக்குத் தெரியும்னு கேட்டாங்க. ... ஒன் பேர அவங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு ஓடியது. செந்தில்நாதன் கல்லாவில் இருந்த பில் புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்து விட்டான்.

"ம். ... ம். ... ரத்தத்துல வர்றது இல்லன்னு காட்டறதுக்கா? பரம்பர பைத்தியம் இல்ல, அப்பன் செத்த துக்கம்தான்னு புரிய வைக்கறதுக்கா? ... புரியுது. பொண்ணுக்கு நல்ல எடம், தட்டிப் போயிடக் கூடாது. புரியுதுன்றேன். அதுக்கு நான் டீக்கடையில அழுதத எடுத்தாந்து அவங்க கூடத்துல பரப்பி வச்சியா? ... சரி, மேடையில நான் நிக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? சம்பந்தியம்மாவா? ... மச்சானா? ... அப்புறம் யாரு? ... யாரும்மா? ... நீயா?"

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். தங்கை பேர்தான் எரிந்துகொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்தான்.

"அவங்க கேக்கவே இல்ல. நீயா சொன்ன. ... நீயாவே சொல்லிட்டு வந்த. ... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒதுங்கிப் போயிருப்பனே வினோ. கோயிலுக்கு மால போட்டிருக்கேன், ஒடம்பு சரியில்ல, எதனா சொல்லிட்டு ஒதுங்கியிருப்பேன். ஒனக்காவ செய்ய மாட்டனா? ... இரு. ஒரு நிமிஷம் பேசாத. ... இரு."

நெஞ்சில் அந்தப் பழைய பிடி வந்து உட்கார்ந்துவிட்டது. செந்தில்நாதன் கண்ணை மூடி, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டான். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பிடி தளர்ந்ததும்தான் போனுக்குள் கேட்ட சத்தம் அவனுக்கு உறைத்தது. அது அழுகை இல்லை. அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம் அது.

"வினோ? ... வினோ, இன்னா ஆச்சு? மூச்சு ஏன் அப்டி ஓடுது? ... பேசாத, பேசாத. கை மரத்துப்போவுதா? வாயச் சுத்தி குறுகுறுன்னுதா? ... ஆமான்னு மட்டும் சொல்லு. ... சாவல. நீ சாவப் போறதில்ல, எனக்குத் தெரியும். தரையில ஒக்காரு. செவுத்துல சாஞ்சுக்க. ஒக்காந்துட்டியா? ... நான் எண்றேன், நீ மூக்கால இழு. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. இப்ப வாயால வுடு, மெதுவா, சூடு டீய ஊதற மாதிரி. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஆறு. ... வரலன்னா பரவால்ல. திரும்ப. அண்ணன் எங்கயும் போவல. ஒண்ணு... ரெண்டு..."

கடைக்கு வந்த ஆளைக் கை காட்டி நிறுத்திவிட்டு அவன் எண்ணிக்கொண்டே இருந்தான். கோபம் எங்கேயும் போய்விடவில்லை. கோபத்தோடுதான் எண்ணினான். எட்டாவது தடவைதான் அந்த மூச்சு அடங்கியது.

"இப்ப? ... ம். தண்ணி இருக்குதா? ரெண்டு வாய் குடி. ... எத்தினி நாளா? ... அப்பா போனதுல இருந்தா? ... அப்ப என்னிய இட்டுக்கினு வந்தப்பவே ஒனக்கு இருந்துச்சா? அஞ்சு வாரம் அந்தப் பெஞ்சில ஒக்காந்துக்கினு கதவயே பாத்துக்கினு இருந்தியே. உள்ள வந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ... சரி. அழு. அழுதுடு, நல்லது."

"... இல்லம்மா. புதன்கிழம நான் வரல. ... கோவத்துல சொல்லல, நிதானமாத்தான் சொல்றேன். அனுவுக்கு அரக்குக் கலர்ல பட்டுப்பொடவ எடுத்து வச்சிருக்கேன், அண்ணிகிட்ட குடுத்தனுப்பறேன். மாலயும் சொல்லி வச்சிட்டேன், சிவப்பிரகாசமே போடட்டும். ... கூப்டாத வினோ. இப்ப கூப்ட்டா நான் பின் வரிசயில ஒக்காந்து எந்திரிச்சு வரணும். அது என்னால ஆவாது. அனு கேட்டா, மாமனுக்கு ஆஸ்பத்திரி இருக்குதுன்னு நெசத்தச் சொல்லு. கல்யாணத்துக்காவ டோக்கன வியாழக்கிழமைக்கு மாத்தி வச்சிருந்தேன். திரும்ப புதனுக்கே கேட்டு வாங்கிக்கறேன். ... ஆமா, போவேன். நிறுத்த மாட்டேன்."

"... வினோ, அடுத்த புதன் நீ வா. ... லில்லி மேடத்தப் பாக்கத்தான். கல்யாணம்தான் முடிஞ்சிருக்குமே. ... பயமா? எனக்கும்தான் பயம் இருந்துச்சு. நீதான இட்டுக்கினு போன. ... மச்சான்கிட்ட கண்ணு டெஸ்ட்டுன்னு சொல்லிக்க. நீ உள்ள போய் பேசு. நான் வெளிய அந்தப் பெஞ்சில ஒக்காந்திருக்கேன். இன்னா பேசினன்னு கேக்க மாட்டேன். ... அப்புறம் ஒனக்கே தாங்காம, டீக்கடையில வச்சு எங்கிட்ட எதனா சொன்னன்னு வையி. ... நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் வினோ."

"... ஹலோ? ... ஹலோ."

அவள் போனை வைத்துவிட்டிருந்தாள்.