சரிவில் இறங்கும் முறை

மோட்டார் சைக்கிளைச் சரிவில் நிறுத்தத் தெரிந்தவர்கள் திருவள்ளூர் தாலுகாவில் அதிகம் பேர் இல்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வண்டியையே பாருங்கள். முகம் பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது. கியரில் போடவில்லை. சக்கரத்துக்கு ஒரு கல் கூட வைக்கவில்லை. யாருடையது என்று நான் கேட்கவில்லை. மேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள், போதும்.

என்னை உங்களுக்குத் தெரியும். திருப்பாச்சூர் வீரராகவன். ஊரில் நிலம், இங்கே திருவள்ளூரில் அரிசி மில். ஆறு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு எதிரே புளியமரத்தில் என் மோட்டார் சைக்கிளோடு மோதி இறந்துபோன சின்னதுரை, என் தங்கை குணசுந்தரியின் கணவர்; எங்கள் வீட்டோடு இருந்து மில்லைப் பார்த்துக்கொண்டவர். அதை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நீங்கள் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

ஏரி உடைந்தாலும் தண்ணீர் ஏறக்கூடாது என்று என் அப்பா மண் அடித்து மேடாக்கிக் கட்டிய வீடு அது. வாசலிலிருந்து ரோடு வரைக்கும் சரளை போட்ட சரிவு. கீழே வந்ததும் வலதுபுறமோ இடதுபுறமோ திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் நேரே புளியமரம். வண்டி வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் நான் யோசித்தேன். யோசிக்காமல் எதையும் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வண்டி மதராஸிலிருந்து வந்த அன்று ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டது. நான் ஏறி உட்கார்ந்து சரிவில் இறங்கினேன். சரளையில் முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வண்டி ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம், நான் வாய்க்காலில்.

முதலில் ஓடிவந்தவர் சின்னதுரைதான். என்னைத் தூக்கி நிறுத்தி, சேற்றைத் துடைத்து, வேட்டியை எடுத்துக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னா மச்சான், நீங்க வண்டிய இட்டுக்கினு வந்தீங்களா, வண்டி உங்கள இட்டுக்கினு வந்துச்சா?" என்று கேட்டார்.

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். குணசுந்தரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனால் அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். அவள் சாப்பிட்டாளா என்று கேட்காமல் ஒரு வேளைகூட நான் இலையில் உட்கார்ந்ததில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

சின்னதுரை சீக்கிரமே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, ஏறினார், ஓட்டினார். ஒழுங்காகக் கற்காதவர்கள் எல்லோரும் அப்படித்தான். கடம்பத்தூர் ரயில் ஸ்டேஷனில் யார் வந்து இறங்கினாலும் ஏற்றிக்கொண்டு வருவார். மழையில் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டபோது மருத்துவச்சியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளைக்குத் துரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் வண்டிக்கும் சின்னதுரை வண்டி என்று பெயர் வந்தது. பெட்ரோல் நான் போட்டது. துடைத்து எண்ணெய் விட்டது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் அதைத் துடைக்காமல் விட்டதில்லை.

அதனால் அவருக்கு முறையாகச் சொல்லிக்கொடுப்பது என் கடமை என்று பட்டது. சரிவில் இறங்கும்போது முதல் கியரில் இறங்க வேண்டும், அப்போதுதான் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல அழுத்த வேண்டும் என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எல்லாவற்றையும் ஏற்கெனவே அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். அது எனக்கு உவப்பாக இல்லை.

பிறகு குழந்தை பிறந்தது. ஒருநாள் நான் சொன்னேன்: "மாப்பிள்ளை, காலையில நீங்க வண்டி கிளப்புற சத்தத்துல கொயந்த தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்குது. இன்ஜின அணைச்சிட்டு, நியூட்ரல்ல உருட்டிக்கினே கீழ எறங்கிடுங்க. ரோட்டுக்குப் போய்க் கிளப்பிக்கலாம்."

அவர் கண் கலங்கிவிட்டது. "பெத்த எனக்கே அது தோணல பாருங்க மச்சான்" என்றார்.

மறுநாளிலிருந்து சத்தமில்லாமல் இறங்கினார். இன்ஜின் பிடிமானம் இல்லை. பிரேக் மட்டும்தான். பிரேக் போய்விட்டால் சட்டென்று கியரில் தள்ள வேண்டும் என்று ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்துக்கு நாங்கள் இன்னும் வந்திருக்கவில்லை. பாடம் என்றால் வரிசை வேண்டும் அல்லவா?

பின்பிரேக் கம்பியின் கடைசியில் ஒரு நட்டு இருக்கிறது. அது ஒரே ஒரு புரியில் நிற்கும்படி திருகி வைத்தேன். முன்பிரேக் கேபிளை உறைக்குள்ளே, வெளியில் தெரியாத இடத்தில், மெல்லிய அரத்தால் ராவினேன். மேலே வாசலில் லேசாக அழுத்திப் பார்த்தால் இரண்டும் பிடிக்கும். பாதிச் சரிவில் பலமாக அழுத்தினால் விட்டுவிடும். வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தேன். ஒரு கீறல் இல்லை, கைரேகை அளவுக்குக்கூட கிரீஸ் சிந்தவில்லை.

அன்றைக்கு அமாவாசை. அவர் தனியாக மில்லுக்குப் போவார் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். குணசுந்தரி பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெருமாள் கோயில் வரைக்கும் தானும் வருவதாகச் சொல்லி, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, கொயந்தய பாத்துக்கோ" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நேரம் இருந்தது. அவர் காலை ஊன்றிக்கொண்டு, என்னிடம் சாயங்காலம் என்ன வாங்கி வரட்டும் என்றுகூடக் கேட்டார். ஆனால் குழந்தை அப்போதுதான் கண் அயர்ந்திருந்தது. கத்தினால் எழுந்துவிடும்.

வண்டி உருண்டது. பாதிச் சரிவில் அவர் காலும் கையும் பிரேக்கைத் தேடின. பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு கையைப் பின்னால் வீசி, குணசுந்தரியைச் சரளையில் தள்ளிவிட்டார். ஓடுகிற வண்டியில் கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுப்பது மகா தவறு. எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு கையும் இருந்திருந்தால் ஒருவேளை வண்டியைத் திருப்பியிருப்பார். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்ததோடு போயிற்று. அவர் நேரே மரத்துக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "நீ பாத்துக்குனுதானே நின்னே? ஏன் ஒரு சத்தம்கூட போடல?"

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்று உள்ளதைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். அங்கிருந்து அப்படியே குழந்தையோடு கடம்பத்தூருக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போனால் கதவைத் திறப்பதில்லை. அனுப்புகிற பாலையும் திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. போன வாரம் விளங்கியது.

உங்களுக்காக வண்டியைப் பரிசோதித்த மெக்கானிக் ஜோசப், பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தான். நான் அங்கே இருந்ததை அவன் பார்க்கவில்லை. "நட்டு தானா கழண்டுக்கினு போயிருக்குது, கேபிளு துருப் புடிச்சி அறுந்திருக்குது. வண்டி வெச்சிக்கத் தெரியாத ஆளுகிட்ட வண்டி இருந்தா இதான் கதி. பாவம், தங்கமான மனுசன் சின்னதுரை" என்றான். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். வாய்க்காலில் விழுந்த கதையையும் ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

உங்கள் அறிக்கையிலும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. பராமரிப்புக் குறைவு என்று.

என் வண்டியில் எதுவும் தானாகக் கழன்றதில்லை. துரு என்பதே அதில் கிடையாது. அந்த நட்டைத் தளர்த்தியது நான். அந்தக் கேபிளை ராவியது நான். சின்னதுரையைக் கொன்றது நான். அஜாக்கிரதையால் அல்ல. அரம் என் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஜோசப்பை அழைத்துக் கேபிளின் முனையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அறுந்ததற்கும் ராவியதற்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு மெக்கானிக் என்று பெயர்.

நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். எழுதி முடித்ததும் கடம்பத்தூருக்கு ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி, இதைக் குணசுந்தரிக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வண்டியை நான் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு என்மேல் இருக்கிற கோபம் அது ஒன்றுதான். அது தீர்ந்துவிட்டால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவாள்.