வெள்ளிக்கிழமைப் பெட்டி

— அஞ்சு சாம்பிளையும் ஒரே நாள்ல பிடிச்சியா, இல்லையா? அத மட்டும் சொல்லு.

— என்னக்கா, வந்ததும் வராததுமா போலீஸ் மாதிரி கேக்கற. டீ குடிச்சியா?

— டீ கிடக்கட்டும். பத்தொன்பது வருஷத்துல லேப்லேர்ந்து இந்த ஃபில்டர் ரூமுக்கு எத்தன தடவ இறங்கி வந்திருப்பேன்? விரல் விட்டு எண்ணிடலாம். இன்னிக்கு வந்திருக்கேன்னா சும்மா வருவேனா? அந்த பம்ப அணைச்சுட்டு பதில் சொல்லு.

— அணைச்சா மாமனார் கோவிச்சுக்குவார். மறுபடி பிரஷர் ஏத்த அரை மணி ஆகும். நீ பேசு, காதுல விழுது.

— மெஷினுக்கு மாமனார்னு பேர் வச்சிருக்கியே, உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

— தெரிஞ்சுதான் சிரிச்சா. 'எங்கப்பாவும் அப்படித்தான், வீட்டுக்குள்ள வர்றவன நெருக்கிப் பிழிஞ்சு, வேண்டாததெல்லாம் வெளிய வந்தப்புறம்தான் உக்காரச் சொல்வார்'னா. சும்மா சொல்லக்கூடாது, மாமனாரும் அதத்தான் பண்றார். இந்தப் பக்கம் பீரு, நடுவுல மெம்பரேன்னு சல்லடை மாதிரி ஒரு ஜவ்வு. அமுக்குற அமுக்குல ஆல்கஹாலும் தண்ணியும் மட்டும் அந்தப் பக்கம் போயிடும். நிறமும் ருசியும் இங்கயே நிக்கும். குறைஞ்ச தண்ணிய நாம ஊத்திக்கிட்டே இருந்தா கடைசில போதையே இல்லாத ஜீரோ பீரு ஆயிடும்.

— எனக்கே பாடம் எடுக்காத. அணை.

— சரி. அணைச்சாச்சு.

— கேளு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினம் ஒரு டேங்க் ஓட்டற. தினம் ஒரு சாம்பிள் லேப் ஜன்னலுக்கு வருது. உன் கையெழுத்து, தேதி, நேரம் எல்லாம் ஒட்டியிருக்கு. அது அன்னன்னிக்குப் பிடிச்சதா?

— அதுல என்னக்கா இப்போ.

— என் முகத்தப் பாத்துச் சொல்லு.

— திங்கக்கிழமையே பிடிச்சு வச்சுடுவேன்.

— அஞ்சையுமா?

— அஞ்சையும். அலமாரில வச்சுப் பூட்டிடுவேன். தினம் காலைல ஒண்ண எடுத்து அன்னிக்குத் தேதி போட்டு ஜன்னல்ல வைப்பேன்.

— எத்தன நாளா?

— வேலைக்குச் சேந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து. மூணு வருஷம் ஆகப் போகுது.

— கடவுளே. ஏன்டா? பத்து நிமிஷ வேலைக்கு அப்படி என்ன சோம்பேறித்தனம்?

— சோம்பேறித்தனம் இல்லக்கா. சாம்பிள் குழாய் எங்க இருக்குன்னு நீ பாத்திருக்கியா?

— பின்னாடி ரூம்ல.

— அதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு? மாமனார் வெளிய தள்றதெல்லாம் வந்து விழற டேங்க். கதவத் திறந்தாலே குப்புனு அடிக்கும். மத்தவனுக்கு அது நாத்தம். எனக்கு அது என்னன்னு உனக்கே தெரியும். முதல் வாரம் தினம் போனேன். வாயெல்லாம் எச்சில் ஊற ஆரம்பிச்சுடுச்சு. அஞ்சாவது நாள் டேங்க் மூடில கை வச்சுட்டேன். திறக்கல. கை வச்சேன், அவ்வளவுதான். அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், வாரத்துக்கு ஒரு தடவதான் அந்தக் கதவத் திறக்கறதுன்னு. மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் போவேன், அஞ்சு பாட்டிலையும் ரொப்புவேன், ஓடி வந்துடுவேன்.

— என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா லேப் பொண்ண அனுப்பியிருப்பேனே.

— எப்படிச் சொல்றது? நீ கெஞ்சி வாங்கிக் குடுத்த வேலை. குடிகாரனக் கொண்டுபோய் பீர் கம்பெனில சேக்கறாளே, இவளுக்குப் புத்தி இருக்கான்னு உன் காதுபடவே பேசினாங்க. நீதான் அவங்ககிட்ட, 'பீர்லேர்ந்து போதைய எடுக்கற வேலை, அதோட வலி தெரிஞ்சவன்தான் ஒழுங்கா செய்வான்'னு சொன்ன. அதுக்கப்புறம் நான் போய், அந்த ரூமுக்குள்ள என்னால நிக்க முடியலக்கான்னு சொன்னா, உன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவ?

— என் மூஞ்சிக்கு இப்ப என்ன ஆகப் போகுதுன்னு கேளு. நேத்து சாயந்தரம் ஒரு அம்மா கம்பெனி கேட்டுல நின்னுட்டிருந்தாங்க. கைல நம்ம ஜீரோ பாட்டில். 'இதுல என்ன கலந்திருக்குன்னு பாத்துச் சொல்லுங்க'ன்னு வாட்ச்மேன்கிட்ட அழறாங்க. அவன் போகச் சொல்றான். நான் வீட்டுக்குக் கிளம்பினவ, பாத்துட்டு உள்ள கூட்டிட்டு வந்தேன்.

— யாரு அது?

— தபால்காரர் சம்சாரம். குடிய விட்டவங்கல்லாம் ஞாயித்துக்கிழமை சேந்து உக்காருவீங்களே, அதுல பெரியவர் ஒருத்தர். ரிட்டயர்டு தபால்காரர்.

— அவருக்கு என்ன?

— ஆஸ்பத்திரில இருக்கார்.

— என்னக்கா ஆச்சு அவருக்கு?

— பதினோரு வருஷமா தொடாத மனுஷன் பன்னெண்டு நாளா விடாம குடிச்சிருக்கார். கடைல வாங்கி, ராத்திரி பகல் இல்லாம. வயிறு வீங்கிப் போச்சு, கண்ணு மஞ்சளாயிடுச்சு. வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்கள வரச் சொல்லிட்டாராம் டாக்டர். வரச் சொல்லிட்டார்னா என்ன அர்த்தம்னு தெரியும்ல?

— தெரியும்.

— இது எங்க ஆரம்பிச்சுதுன்னு அந்தம்மாவுக்குப் புரியல. வீட்ல வேற எதுவும் கிடையாது. அலமாரி, அரிசி டப்பா, மொட்டமாடி எல்லாம் தேடியிருக்காங்க. இருந்தது நம்ம ஜீரோ மட்டும்தான். வாரா வாரம் கூட்டத்துலேர்ந்து கொண்டுட்டு வருவாராம்.

— பாட்டில நீ பாத்தியா?

— பாத்தேன். மூணு தடவ போட்டுப் பாத்தேன். ரெண்டே முக்கால் சதவீதம். மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு வேற மெஷின்லயும் போட்டேன். அதே ரெண்டே முக்கால். லேபிள்ல இவ்வளவு பெரிசா ஜீரோன்னு போட்டிருக்கோம்.

— ஒரு பாட்டில் அப்படி ஆகியிருக்கலாம்.

— நானும் அப்படித்தான் வேண்டிக்கிட்டு ஸ்டோருக்குப் போனேன். ஒவ்வொரு நாள் சரக்குலயும் ரெண்டு பாட்டில் எடுத்து வைப்பாங்கல்ல, அதையெல்லாம் உடைச்சேன். திங்கக்கிழமை பாட்டில் ஜீரோ. செவ்வாய் கால். புதன் முக்கால். வியாழன் ஒண்ணரைக்கு மேல. வெள்ளிக்கிழமை ரெண்டே முக்கால். அதுக்கு முந்தின வாரமும் அப்படித்தான். ஏழு வாரமா அதே மாதிரி படி ஏறுது.

— நான் நாலு மணி நேரம் ஓட்டறேன்க்கா. ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் குறைச்சதில்ல.

— கடிகாரத்தப் பாத்து ஓட்டற, அதான். மெம்பரேன் பழசாயிடுச்சு. சனிக்கிழமை மருந்து போட்டுக் கழுவினா திங்கக்கிழமை நல்லா விடுது. அப்புறம் நாளுக்கு நாள் பீர்ல இருக்கிற பசை படிஞ்சு துளையெல்லாம் அடைச்சுக்குது. வெள்ளிக்கிழமை அதே நாலு மணி நேரத்துல போக வேண்டியதுல பாதிகூட வெளிய போறதில்ல. எவ்வளவு வெளிய போகுதுன்னு காட்டற மீட்டர் எங்க இருக்கு?

— பின்னாடி ரூம்ல.

— அதையும் நீ பாக்கறதில்ல.

— திங்கக்கிழமை பாப்பேன். சரியா இருக்கும்.

— திங்கக்கிழமை எல்லாம் சரியாத்தான் இருக்கும். புது மெம்பரேன் வேணும்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன். 'உங்க ரிப்போர்ட்ல தினம் ஜீரோ வருது, அப்புறம் எதுக்குப் புதுசு'ன்னு மேனேஜர் என் பேப்பரயே என்கிட்ட நீட்டினார். அவர என்ன சொல்றது? நீ குடுத்த சாம்பிள வச்சு நான் எழுதின ஜீரோ.

— என்னால உனக்குக் கெட்ட பேரு.

— இரு, முடிக்கல. வெள்ளிக்கிழமை ஓட்டறத அன்னிக்கே அடைச்சு, அதுலேர்ந்துதான் ஆளுக்கு ஒரு பெட்டி வீட்டுக்குக் குடுக்கறாங்க. உன் பெட்டிய நீ என்ன பண்ணுவ?

— பாதி வீட்டுக்கு. பாதி கூட்டத்துக்கு.

— கூட்டத்துல எத்தன பேர்?

— என்னோட சேத்து எட்டு.

— மத்தவங்க?

— மெக்கானிக் ரெண்டு வாரமா வரல. சலூன்காரர் போன் எடுக்கறதில்ல. மத்தவங்க வர்றாங்க. முன்னல்லாம் ஒரு மணி நேரத்துல எழுந்துடுவோம். இப்ப யாரும் எழுந்திருக்கவே மனசில்லாம உக்காந்திருக்காங்க.

— கேக்கறதுக்கே பயமா இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோற பாதிய யார் குடிக்கறா?

— நான்தான். அவளுக்கு அந்தக் கசப்பு பிடிக்காது.

— தினமுமா?

— சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. வெள்ளிக்கிழமை ரெண்டு.

— அப்போ ஏழு வாரமா உன் உடம்புக்குள்ள போயிருக்கு. உனக்கே தெரியாம.

— அக்கா.

— அழாத. நிமிந்து என்னப் பாரு. கேளு, குடிய விட்டு நீ தாக்குப்பிடிச்ச நாலு வருஷம் எங்கயும் போகல. தெரியாமக் குடிச்சது கணக்குல வராது. யாராவது வரும்னு சொன்னா என்கிட்ட அனுப்பு. பத்து நாளைக்கு முன்னாடி உன் பொண்டாட்டி போன் பண்ணினா, தெரியுமா? 'அண்ணி, இவர் முன்ன மாதிரி சிரிக்கறார், நல்லாத் தூங்கறார், பாப்பாவ முதுகுல ஏத்திக்கிட்டு வீடு பூரா தவழறார்'னா. அவ சந்தோஷமாப் பேசி நான் கேட்டதே இல்ல. போன வச்சுட்டு நான் அழுதேன். என் தம்பி எனக்குத் திரும்பக் கிடைச்சுட்டான்னு அழுதேன். அந்தச் சிரிப்பு எங்கேர்ந்து வந்துதுன்னு இப்பப் புரியுது.

— அவகிட்ட சொல்லிட்டியா?

— சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஒரு சொட்டு உள்ள போனாலும் பொண்ணத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்னு சொல்லித்தானே திரும்பி வந்தா. அவளுக்கு மெம்பரேன், மீட்டரெல்லாம் புரிய வைக்க முடியுமா? குடிகாரன் கதை சொல்றான்னுதான் நினைப்பா. இங்க இருக்கிறவங்களும் அதேதான் நினைப்பாங்க. பின்னாடி டேங்க்ல மோந்து குடிச்சிருப்பான், அதுக்குத்தான் சாம்பிள மாத்தி வச்சான்னு அடிச்சுச் சொல்வாங்க. உன்ன நம்பறதுக்கு என்னத் தவிர ஆள் கிடையாது.

— அதனால நானே போய் மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்க்கா. இப்பவே போறேன்.

— போக வேண்டாம். எட்டு மணிக்கே நான் போயிட்டு வந்துட்டேன்.

— எங்க?

— மேனேஜர் ரூமுக்கு. பாட்டில்ல ஏறுது, சாம்பிள்ல ஏறல, நீ என்ன பண்ணியிருப்பேன்னு ராத்திரியே யூகிச்சு எழுதிக் குடுத்துட்டேன். சாம்பிள அஞ்சு நாளைக்கும் சேத்துப் பிடிக்கச் சொன்னது நான்தான், லேப்ல வேலை மிச்சமாகும்னு. அடைச்ச பாட்டில வாரம் ஒரு தடவ பாக்கணும், அத நான் விட்டுட்டேன். ஃபில்டர் ஆளுக்கு இதுல சம்பந்தம் இல்ல, சொன்னதச் செஞ்சான், அவ்வளவுதான்.

— ஏன்க்கா இப்படிப் பண்ண? அப்படிப் பிடிக்கச் சொல்லி நீ சொல்லவே இல்லையே.

— முதல் பாதிதான் பொய். அடைச்ச பாட்டில நான் பாக்காம விட்டது நிஜம். மூணு வருஷமா என் தம்பி குடுத்த சாம்பிள் ஒரு நாள்கூடப் பிசகினதில்ல, அப்புறம் பாட்டில வேற எதுக்குப் பாக்கணும்னு அந்த வேலையவே நிறுத்திட்டேன். பெருமைடா. வேற என்ன சொல்றது.

— ரிட்டயராக ரெண்டு வருஷம்தானே இருந்துச்சு உனக்கு.

— இருந்துச்சு. இப்ப மேனேஜர் என் பேப்பர மேலிடத்துக்கு அனுப்பிட்டார். கடைல இருக்கிற சரக்கெல்லாம் திரும்ப எடுக்கறாங்க. என் மேல கேஸ் போடுவாங்களாம். அந்தம்மா நாளைக்குத் தாலியறுத்து நின்னா அதுவும் என் பேர்லதான் வரும். வரட்டும்.

— திருப்பி வாங்கிட்டு வாக்கா. கால்ல விழறேன். அது என் தலைல விழ வேண்டியது.

— உன் தலைல விழுந்தா நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும். முன்ன ஒரு தடவ வேலை போனப்போ மூணு மாசம் உன்னத் தெருத்தெருவாத் தேடினேன். பஸ் ஸ்டாண்ட் கழிவறை வாசல்ல கிடந்த, சட்டை இல்லாம. என்னை யாருன்னு கேட்ட. இன்னொரு தடவ அதப் பாக்க என் உடம்புல தெம்பு கிடையாது. அதுக்கு இந்த கேஸே மேல்.

— நான் அந்த அளவுக்கு வொர்த் இல்லக்கா. நீ நினைக்கிற ஆள் நான் இல்ல.

— உளறாத. நீ என்ன தப்புப் பண்ணின? மறுபடி குடிச்சுடக்கூடாதுன்னு பயந்து ஒரு கதவத் திறக்காம இருந்த. அவ்வளவுதானே? தெரிஞ்சு செஞ்சவனா இருந்தா நானே கழுத்தப் பிடிச்சுக் குடுத்திருப்பேன். அந்தத் தபால்காரர் உன்னத் தம்பி தம்பின்னு கூப்பிட்ட மனுஷன். தெரிஞ்சிருந்தா முதல் வாரமே ஓடி வந்து என்கிட்ட சொல்லியிருக்க மாட்டியா? அந்த ஒரு விஷயத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. அத நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

— முதல் வெள்ளிக்கிழமை, முதல் மடக்குலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா.