பிளாஸ்கில் இருந்த டீ

பெயர்: ராமகிருஷ்ணன், வயது 71, த/பெ செங்கேணி (காலமானவர்), கிரிவலப் பாதை, அடி அண்ணாமலை, திருவண்ணாமலை.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி ரேணுகாம்பாளுடன் குடியிருந்து, வீட்டின் முன்புறத்திலேயே டீக்கடை நடத்தி வருகிறேன். எங்களுக்கு மாறன் என்று ஒரே மகன். டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறான். என் மனைவிக்கு வயது 66. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி உண்டு. சென்ற மாதம் காலில் புண் வந்து காய்ச்சலும் அதிகமானதால், வேங்கிக்கால் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அன்று சர்க்கரை முந்நூற்று எண்பது இருந்தது. அது இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு தினமும் காலை ஏழரை மணிக்கு இன்சுலின் ஊசி போட்டு, இரண்டு இட்லியும் உப்புச் சப்பில்லாத கஞ்சியும் கொடுத்தார்கள். அவள் பாதி இட்லியோடு தட்டைத் தள்ளிவிடுவாள். நாற்பத்தைந்து வருடம் என் கையால் டீ குடித்தவள் அந்தக் கஞ்சிக்கு முகம் சுளிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீயை பிளாஸ்கில் ஊற்றி, இரண்டு ஜாம் பன்னைத் துண்டில் சுற்றி, எட்டரை மணிக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். பிளாஸ்கில் என்ன என்று நர்ஸ் நந்தினி கேட்டதற்குச் சுடுதண்ணீர் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை நம்பிவிட்டது.

அதன் பிறகு பதினொரு மணிக்கு விரலில் குத்திப் பார்க்கும்போதெல்லாம் சர்க்கரை நானூறுக்குக் குறையவில்லை. டாக்டர் ஊசியின் அளவை மூன்று முறை கூட்டினார். வெளியில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டபோதெல்லாம் என் மனைவி இல்லை என்றாள். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு இல்லை என்றேன். இத்தனை ஊசிக்கும் இறங்கவில்லையே, இவர் என்ன டாக்டர் என்று மாறனிடம் திட்டவும் செய்தேன்.

அதன் பிறகு பௌர்ணமி வந்தது. அன்று காலையிலேயே கிரிவலக் கூட்டம் வரத் தொடங்கி, பாதையில் ஆட்டோக்களை நிறுத்திவிட்டார்கள். நான் ஆட்டோவைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் சைக்கிள் இருக்கிறது. கடையில் வியாபாரம் நன்றாக நடந்ததால் ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன். பத்தரை மணிக்கு மாறன் போன் செய்து, "அம்மாவுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சாம்பா, சீக்கிரம் வாங்க" என்றான்.

அதன் பிறகு சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். சர்க்கரை முப்பத்திரண்டுக்கு இறங்கி, நினைவில்லாமல், அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். கதவருகில் நந்தினி அழுதுகொண்டு நின்றிருந்தது. என்னைப் பார்த்து, "தாத்தா, இன்னிக்கு சுடுதண்ணி கொண்டாரலியா? காலைல இருந்து உங்களதான் கேட்டுனே இருந்தாங்க" என்றது. அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் கொடுத்த இனிப்பைப் பார்த்துத்தான் டாக்டர் ஊசியைக் கூட்டியிருந்தார். அன்று ஊசி மட்டும் போனது, இனிப்பு போகவில்லை. புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு மாறன், "அந்த நர்ஸுதான் ஜாஸ்தியா போட்டுட்டாங்கப்பா" என்று சொல்லிப் புகார் எழுதிக்கொண்டு வந்தான். மறுநாள் அதில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் புகாரால் நந்தினியை வேலையிலிருந்து நிறுத்தி, இந்தக் காவல் நிலையத்துக்கு இரண்டு முறை வரவழைத்து விசாரித்திருக்கிறார்கள். டாக்டர் எழுதிய அளவைத்தான் அந்தப் பிள்ளை போட்டது. அதன் மேல் ஒரு தவறும் இல்லை. அதன் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் என் மனைவிக்கு நினைவு திரும்பியது. இன்று காலை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கிக் குடிச்சேன்னு எழுதிக்கச் சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்றாள். அது உண்மையல்ல. அவள் ஒரு நாளும் டீ கேட்கவில்லை. முதல் நாள் வேண்டாம் என்று டம்ளரைத் தள்ளினாள். நான்தான் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யாருடைய மிரட்டலும் இல்லை. நடந்தது இதுதான்.

(ஒப்பம்)
செ. ராமகிருஷ்ணன்