கன்னடத்தில் சொன்னது

மைசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்டுக்காக நிற்கும் வரிசை. எனக்கு முன்னால் ஓர் அண்ணனும், ஹனூரிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்திறங்கிய தங்கையும். காதில் விழாததுபோல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா சொன்னத டாக்டர்கிட்ட மாத்திச் சொல்லிப்போட்டேன் அம்மிணி.”

“அம்மா என்ன சொல்லுச்சு?”

“மெஷினெல்லாம் வேண்டாம், வூட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு எங்கிட்டத் தமிழ்ல சொல்லுச்சு. டாக்டருக்குத் தமிழ் தெரியாது, என்ன சொல்றாங்கன்னு எங்கிட்டக் கேட்டாரு. என்ன செஞ்சாவது காப்பாத்தச் சொல்லுதுன்னு நான் கன்னடத்துல சொன்னேன்.”

“அம்மாவுக்குத்தான் கன்னடம் நல்லாத் தெரியுமேண்ணா!”

“தெரியும்.”

“கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லலையா?”

மூடியிருந்த லிஃப்ட் கதவையே அண்ணன் பார்த்தார்.

“டாக்டர் போனப்பொறம் சொல்லுச்சு. இப்ப வாயில குழாய் வெச்சுட்டாங்க, பேச முடியாது. அதுதான் கடைசியாப் பேசுனது.”

“என்னன்னு?”

“‘டாக்டரு முன்னால உன்னப் பொய்க்காரனாக்க மனசு வரலடா. செரி, நீ சொன்னபடியே ஆகட்டும்’னு.”