டின்ட் என்று சொன்னேன்

சோற்றுக்கு வெஞ்சனம் இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை இன்ஸ்பெக்டர் சார். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் எனக்கு. அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் எனக்கும் பாண்டியராஜுக்கும் சாயப் பிரிவில் வேலை. ஒரே வாடகை அறை. அவன் சாணார்பட்டிக்காரன், வாய் ஓயாது. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு வேறு யாரும் கிடையாது.

இங்கிலீஷ் தெரியாமல் வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டேன், அதனால்தான் அவன் செத்தான் என்று மேனேஜர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை. சாயத்தில் வெள்ளை கலந்து வெளுப்பாக்கினால் டின்ட். கறுப்பு கலந்து இருட்டாக்கினால் ஷேடு. தினமும் வாயில் புழங்குகிற வார்த்தைகள். கழிவுத் தொட்டியில் விஷவாயு பார்க்கும்போதும் அதையேதான் சொல்வோம். அதற்கென்று ஒரு வெள்ளைத் தாள் உண்டு. நனைத்துக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவோம். லேசாக நிறம் பிடித்தால் டின்ட், இறங்குவோம். கறுத்தால் ஷேடு, யாரும் கிட்டேயே போக மாட்டோம்.

அன்றைக்கு அடைப்பெடுக்கிற ஆள் வரவில்லை. பாண்டியராஜ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"இந்த மாசத்தோட கொடைரோட்டுக்குப் போறேண்ணே. கல்யாணத்துக்கு முன்னாலயே கௌசல்யா அங்க வீடு பாத்துட்டா."

"அப்ப நான்?"

"நீங்களும் ஒரு பொண்ணப் பாத்துக் கட்டுங்க. இம்புட்டு வயசாச்சு, இன்னும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் சாப்புடுவீகளா?" என்று சிரித்தான்.

தாளை நான்தான் மேலே இழுத்தேன். கரியாகக் கறுத்திருந்தது. உள்ளங்கையில் மடக்கிக்கொண்டேன்.

"என்னண்ணே?"

"டின்ட்டுதான். இறங்கு அப்பு."

கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை சார். மயக்கம் வரும், தூக்கிவிடலாம். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டலாம். கல்யாணம் தள்ளிப்போகும். அதற்காகத்தான் கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "அண்ணே, தூக்குங்கண்ணே" என்றான். குரல் உடைந்திருந்தது. என்னால் அவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்து ரொம்ப நாளாயிற்று. இழுக்கக் கையில் தெம்பு இருந்தது சார். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.