முதுகு தேய்ந்த காசு

ஏலப் பட்டியலை நான் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முன்பக்கங்களில் கிரேக்கத் தங்கம், ரோமத் தங்கம், அரசர்களின் மூக்கும் தாடியும். நம்முடைய பக்கத்துச் செப்புக் காசுகள் கடைசியில், தாளுக்குப் பன்னிரண்டு என்று நெருக்கியடித்துக் கிடக்கும். அங்கேயிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம்.

ஐயா அந்தப் பட்டியல் கட்டையே பார்த்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். அதில் களவு ஒன்றும் இல்லை. வெளிநாட்டு ஏலக்காரர்கள் பட்டியலை இணையத்தில் சும்மா போடுகிறார்கள். கற்பிட்டியில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் கலரில் அச்சடித்து, நானே ஊசிநூலால் தைத்து வைத்திருக்கிறேன். பதினொரு வருடத்தில் ஒரு காசுக்கும் நான் ஏலம் கேட்டதில்லை. கேட்கிற வசதியும் இல்லை. பார்ப்பேன், அவ்வளவுதான்.

மர்ஷூதா உங்கள் பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டில் இரண்டே வரி இருப்பதாகச் சொன்னீர்கள். அவளுடைய உம்மாவின் பழைய காசு குறிஞ்சிப்பிட்டி மஹ்ரூபிடம், அதாவது என்னிடம், இருக்கிறது, வாங்கித் தரவேண்டும். அந்த மேசை லாச்சியை இழுத்தால், காசு பஞ்சில் சுற்றி இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நல்ல காசின் படத்துக்குக் கீழே, அது யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படி வந்தது என்று பட்டியலில் எழுதியிருக்கும். அந்த வரி இல்லாத காசு வெறும் செம்பு. அதனால் ஒன்றையும் விடாமல் சொல்கிறேன். ஐயா எழுதிக்கொள்ளலாம்.

என்னுடைய தொழில் காற்று. சுழியோடிகளின் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பிக் கொடுப்பேன். சண்டை முடிந்து கடல் திறந்த பிறகு கடலடியில் கையால் பொறுக்கும் கடலட்டைக்கு நல்ல விலை வந்தது. இந்தக் கரையில் நீந்தத் தெரிந்த எல்லோரும் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு நாளைக்கு மூன்று சிலிண்டர்தான். அதற்கு மேல் ஆழத்தில் இருந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி தங்கிவிடும், முதலில் மூட்டு வலிக்கும், பிறகு கால் போகும். இதை இங்கே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான். கடைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். வரும்போது பார்த்திருப்பீர்கள்.

2015 நவம்பரில் வந்த ஒரு பட்டியலின் கடைசித் தாளில் அந்தக் காசைப் பார்த்தேன். சதுரச் செம்பு, பெருவிரல் நகமளவு. முன்பக்கம் ஒரு காளை, தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. காளைகள் ஆயிரம் பார்த்திருக்கிறேன், திரும்பிப் பார்க்கும் காளை அதுதான் முதல். கீழே மூன்று குறிப்பு: 'இலங்கையின் வடமேற்குக் கரையாக இருக்கலாம். பின்பக்கம் தேய்ந்தது, தெளிவற்றது. இதுபோன்ற வேறு காசு அறியப்படவில்லை.'

அதாவது, அதன் முதுகில் என்ன இருந்தது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மாதம் அந்தத் தாளை நான் மடிக்கவே இல்லை.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலை அஸ்மின் அதே காளை போட்ட இன்னொரு காசைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

அஸ்மினைப் பற்றிச் சொல்லவேண்டும். தொண்ணூறில் நம்முடைய முஸ்லிம் ஆட்களெல்லாம் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது அவனுக்கு ஐந்து வயது. தில்லையடி அகதி முகாமில் வளர்ந்தவன். அவன் மனைவி மர்ஷூதாவும் மன்னார்க் குடும்பம்தான். கல்யாணம் முடித்து குறிஞ்சிப்பிட்டிக்கு வந்து கடலில் இறங்கினான். இந்தக் கரையின் நல்ல சுழியோடி அவன். வாய்தான் ஓயாது. சிலிண்டருக்காகக் காத்திருக்கும் பொடியன்களிடம் என்னைக் காட்டிச் சொல்வான்: "மஹ்ரூப் நானாக்குச் செத்த ராசாமாரத்தான் பிடிக்கும். உசிரோட இரிக்கிற எங்களுக்கு ஒரு பிளேன்டி ஊத்தித் தரமாட்டார்."

அன்றைக்கு அவன், "நானா, இதுக்கு சிலிண்டரில பூட்டுற அந்தப் பழைய மூச்சுக்குழாயத் தருவீங்களா?" என்று கேட்டான்.

தருகிறேன் என்றேன். எங்கே எடுத்தாய் என்று கேட்டேன்.

"கடல்லதான். அட்ட பொறுக்கக்குள்ள கையில பட்டிச்சு."

"எவ்விடத்தில?"

அவன் சிரித்தான். "எந்தச் சுழியோடி இடம் சொல்லி நீங்க கேட்டிரிக்கிறீங்க?"

அது உண்மை. ஐயாவுக்குக் கடல் பழக்கம் இல்லையென்றால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை நிறையக் கிடக்கும் இடத்தைக் கண்டவன் அதைச் சொந்தத் தம்பிக்கும் சொல்லமாட்டான். பை நிறைந்த நாளில், ஒன்றுமில்லை என்று கையை விரித்துக்கொண்டு கரைக்கு வருவான். இல்லை என்று சொல்வதை வைத்தே இருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

காசில் சுண்ணாம்பு படிந்திருக்கவில்லை. கடலில் கிடந்த செம்பில் சிப்பியும் சுண்ணாம்பும் ஏறியிருக்கும். மணலுக்குள் ஆழப் புதைந்திருந்தால் ஏறாது என்று முடிவு செய்தேன். துணிக்குள் போடும் பூச்சி உருண்டையின் மெல்லிய மணமும் இருந்தது. அவனுடைய சட்டையிலிருந்து ஒட்டியிருக்கும். அதன் பின்பக்கமும் தேய்ந்திருந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு வளைவு, அதன்மேல் இரண்டு கோடு. கப்பலாக இருக்கலாம், மரமாக இருக்கலாம். ஆனால் ஒன்று கிடந்த இடத்தில் ஒன்று மட்டும் கிடக்காது. முதுகு தேயாத ஒரு காசு அங்கே இருந்தே தீரும்.

நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று சிலிண்டர் முடிந்த பிறகு நான்காவதை இலவசமாகக் கொடுத்தேன். காசு கிடந்த இடத்தில் தேடிப்பார் என்றேன். அவன் சுவரில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாங்கிக்கொண்டு போனான். இரண்டு கிழமைக்குப் பிறகு ஐந்தாவதையும் கொடுத்தேன். காசு வரவில்லை. அட்டை நிறைய வந்தது. அவன் வீட்டுக்குப் புதுத் தகரம் ஏறியது. மர்ஷூதா ஒருநாள் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள்.

மாசியில் அவன், "நானா, தோள் கடிக்குது," என்றான். தைலம் கொடுத்தேன். பிறகு முழங்கால் என்றான். இன்னும் கொஞ்சம் தைலம் கொடுத்தேன். அந்த வலி என்ன வலி என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனியில் ஒரு செவ்வாய், பகல் இரண்டு மணிக்கு அல்பிரட்டின் போட்டு கரையேறியது. அஸ்மினைத் தன் படகில் கடலுக்கு ஏற்றிப் போகிறவன் அல்பிரட்தான். ஐந்தாவது சிலிண்டரோடு மேலே வந்த அஸ்மின் போட்டின் தளத்தில் மல்லாந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இப்படி வந்தால் இன்னொரு சிலிண்டரைக் கட்டித் திரும்பவும் கடலுக்குள் இறக்குவது இங்கே வழக்கம். அல்பிரட் அதைத்தான் செய்யப் பார்த்தான். நான் தடுத்தேன். கொழும்புப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே இரும்பு அறை இருக்கிறது, ஆளை அழுத்தத்தில் வைத்துக் காற்றை இறக்குவார்கள், நேரத்தோடு போனால் நடப்பான் என்றேன். அது சரியான யோசனை. என் வான் வண்டியின் பின்சீற்றில் அவனைக் கிடத்தினோம். மர்ஷூதாவிடம் சொல்லி பஸ்ஸில் கூட்டிவா என்று அல்பிரட்டை அனுப்பினேன். அதனால் வானில் நாங்கள் இருவர் மட்டும்.

நுரைச்சோலை வரும்வரை வேகமாகத்தான் ஓட்டினேன். மின் நிலையத்துப் புகைபோக்கி கண்ணில் பட்டபோதுதான் எனக்கு யோசனை வந்தது. கடலில் இடத்தை நினைவு வைப்பதென்றால் கரையில் தெரியும் இரண்டு பொருளை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். முன்பு பனை, இப்போது அந்தப் புகைபோக்கி. இவன் அங்கே போய்ப் பேசமுடியாமல் போனால் அந்தக் கோடு அவனோடே போய்விடும். நியாயமான கவலை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

வெங்காயத் தோட்டம் ஒன்றின் ஓரமாக வானை நிறுத்தினேன்.

"என்ன நானா, ஏன் நிப்பாட்டின?"

"இடத்தச் சொல்லு. எடுக்கிறன்."

"இடமொண்டுமில்ல நானா. அல்லாஹ்வுக்காக வான எடுங்க."

நான் கோபப்படவில்லை. வெக்கையாக இருந்ததால் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். அவன் அழுதான், ஏசினான், பிறகு பிள்ளையின் பெயரைச் சொன்னான். நான் முன்சீற்றில் இருந்து திரும்பத் திரும்ப அதே கேள்வியை, அதே குரலில் கேட்டேன். வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, "என்ன நானா, வான் நிண்டுட்டா?" என்று கேட்டாள். "எஞ்சின் சூடு," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அது.

கடைசியில் அவன் சொன்னான். புகைபோக்கியை ஐஸ் பெக்டரிக் கூரைக்கு நேரே வைக்கவேண்டும், பதினாறு பாகம் ஆழம், நூறு அடிக்குக் கொஞ்சம் குறைய. பட்டியல் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வானை எடுத்தபோது மணிக்கூட்டைப் பார்த்தேன். நின்றது ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், எத்தனை மணிக்குக் கடலிலிருந்து மேலே வந்தவர் என்று மட்டும் கேட்டார். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

கால்கள் வரவில்லை.

அடுத்த கிழமை அல்பிரட்டிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவன் இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தான். "மஹ்ரூப் அண்ணே, இந்த ரெண்டும் ஒரு கோட்டில வரவேணுமெண்டா போட்டக் கரையில ஏத்தி வெங்காயத் தோட்டத்துக்குள்ளதான் ஓட்டவேணும். ஆர் இத உங்களுக்குச் சொன்னது?" வலியில் இருந்தவன் கோட்டை மாற்றிச் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

அதனால் தினமும் அவன் வீட்டுக்குப் போனேன். எட்டு மாதம். கஞ்சி கொண்டுபோனேன், மீன் சூப் கொண்டுபோனேன், அவனைப் புரட்டிப் படுக்கவைக்க மர்ஷூதாவுக்குக் கை கொடுத்தேன். பள்ளிவாசலில் ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பற்றி நல்ல வார்த்தையும் சொன்னார்கள். அவள் அடுப்படிக்குப் போகும் நேரம் பார்த்துக் குனிந்து கேட்பேன். முதலில் அவன் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வான். பிறகு ஒருநாள் சொன்னான்:

"கடல் காசில்ல நானா. மர்ஷூதாட உம்மாட காசு. அவளுக்குத் தெரியாம அலுமாரியில இருந்து நான்தான் எடுத்த. நீங்க கடல் எண்டாத்தான் விரும்புவீங்க எண்டு அப்பிடிச் சொன்ன."

"அப்ப நாலாவது சிலிண்டர், அஞ்சாவது சிலிண்டர்?"

"சும்மா தந்தீங்க. அட்ட பொறுக்கின. மன்னிச்சிக்கோங்க."

மன்னித்தேன் என்றேன். அடுத்த நாளும் போய்க் கேட்டேன்.

கார்த்திகையில் படுக்கைப் புண் உள்ளே இறங்கிக் காய்ச்சலில் மவுத்தானான். அடக்கத்துக்குக் கொண்டுபோன ஜனாஸாவை நானும் ஒரு பக்கம் தூக்கினேன்.

புருஷன் செத்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து, போன கிழமைதான் மர்ஷூதா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. அவளுக்கு வான் நின்ற கதை தெரியாது. காசைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

"சாகிறதுக்கு மூணு நாளைக்கு முந்தித்தான் அவர் எனக்குச் சொன்ன. அத எனக்குத் தாங்க நானா. மன்னாரில எங்கட வளவில கிணறு வெட்டக்குள்ள வந்த காசு. தொண்ணூறில உம்மா சீலத் தலப்பில முடிஞ்சி கொண்டு வந்த. வழியில சோதிச்சவங்க தோடு, காப்பு, எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டு, இதப் பாத்துட்டு மண்ணில எறிஞ்சாங்களாம். உம்மா குனிஞ்சி எடுத்துட்டு வந்த. எங்கட வீட்டில இருந்து வந்தது அது ஒண்டுதான். வேற ஒரு கரண்டிகூட இல்ல."

நான் கவனமாகக் கேட்டேன். அவள் முடித்த பிறகு, "அந்தக் காலத்தில இதிட பின்பக்கத்தில என்ன இருந்திச்செண்டு உம்மா சொல்லியிருக்காவா?" என்று கேட்டேன்.

பிள்ளை மேசையில் இருந்த தாள்களுக்குக் கை நீட்டியது. அவள் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அங்கிருந்து நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

இதுதான் காசு கைமாறிய விவரம். நான்காவது, ஐந்தாவது சிலிண்டர் என்ன செய்யும் என்று தெரிந்தே கொடுத்தேன். நடந்திருக்கக்கூடிய ஒருவனை வழியில் நிறுத்தி வைத்தேன். அவன் செத்தது என்னால். இதில் ஒரு சொல்லையும் குறைக்க வேண்டாம், எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன். காசையும் அவளிடம் கொடுத்துவிடுங்கள், முதுகு தேய்ந்த அந்தக் காசு எனக்குத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்கிறேன். கடலில் அப்படி ஓர் இடம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். புருஷன் சொல்லிக் கொடுத்ததை அவள் சொல்கிறாள், பாவம். நான் முப்பது வருடம் சுழியோடிகளோடு இருக்கிறவன். இல்லாத ஓர் இடத்தை ஒரு மனிதன், அந்த நிலையில் கிடந்துகொண்டு, ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் மறைத்திருக்கமாட்டான்.