யார் அந்த மிஸ்டர் சாமல்?

இந்த இரங்கல் கூட்டத்துக்கு அக்கிராசனம் வகிக்கும் மேஜர் துரையவர்களே, மேட்ரன் அம்மா அவர்களே, என் பேச்சைத் துரைக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்லப்போகும் ஹெட் கிளார்க் உக்கிரபாண்டி ஐயா அவர்களே, மாவுக்கட்டோடும் ஊன்றுகோலோடும் வந்து உட்கார்ந்திருக்கும் பட்டாளத்து அண்ணன்மார்களே, என்னோடு வார்டில் பாடுபடும் அம்மாமார்களே, கோச்சடையிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கும் ஒச்சம்மாள் பெரியம்மாவின் வீட்டாரே, அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜெயக்கொடி. நாலாம் வார்டில் பெரியம்மாவுக்குக் கையாளாக இருந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த ஆஸ்பத்திரியில் நான் உரக்கப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். இன்றைக்கும் பின்வரிசையில் இருந்து அழுதுவிட்டுப் போகத்தான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அந்த வார்த்தைதான் என்னை எழுப்பி இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

"பலனை எதிர்பாராமல் உழைத்தவர்" என்றார்கள். "பாராட்டை விரும்பாதவர்" என்றார்கள். "விளம்பரம் தேடாத உத்தமி" என்றுகூட ஒருவர் சொன்னார்.

யார், ஒச்சம்மாளா? எங்கள் ஒச்சம்மாள் பெரியம்மாவா பாராட்டை விரும்பாதவர்?

சபையோரே, விரும்பினார்! ஆசை ஆசையாய் விரும்பினார்! எதிர்பார்த்தார், காத்திருந்தார், கேட்டும் பார்த்தார். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, அவர் கேட்கவே இல்லை என்று செத்த பிறகு சொல்வது என்ன நியாயம்? உக்கிரபாண்டி ஐயா, இதைத் துரைக்குச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையையும் விடாமல் சொல்லுங்கள். சிப்பாய் அழகுமலை அண்ணனுக்கும் இங்கிலீஷ் தெரியும். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

புதிதாக வந்த அண்ணன்மார்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். போன ஆடி மாதம். காளவாசலுக்கு மேற்கே மரம் மட்டை இல்லாத பொட்டல். ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஊசி கொதிக்க வைக்கும் ஸ்டவ்விலிருந்து நாலாம் வார்டின் கீற்றுக் கூரையில் நெருப்புப் பிடித்துக்கொண்டது. நடக்க முடிந்தவர்கள் ஓடினார்கள். அதில் தப்பில்லை. நானும்தான் ஓடினேன். கால் முழுக்க மாவுக்கட்டுப் போட்டவர்கள் கட்டிலில் கிடந்து கத்தினார்கள்.

ஒச்சம்மாள் பெரியம்மா ஒருவர்தான் உள்ளே போனார். ஒவ்வொருவரையும் கட்டிலிலிருந்து கம்பளியோடு தரையில் உருட்டி, கம்பளியின் மூலையைத் தோளில் சுற்றிக்கொண்டு, வைக்கோல் கட்டை இழுப்பதுபோல வாசல்வரை இழுத்து வந்து போட்டார். போட்டுவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார். சும்மா போகவில்லை, சத்தம் போட்டுக்கொண்டே போனார்.

"உருளுடா! எந்திரிக்க முடியலைன்னா உருளுடா! கட்டையில போறவனே, இன்னைக்கா போகப்போற? இன்னைக்கு விடமாட்டேன்டா!"

ஆமாம், சிரியுங்கள் அண்ணே. அவர் இழுத்து வந்தவர்கள்தான் அதிகமாகச் சிரிக்கிறீர்கள். பஞ்சாபுச் சிப்பாய் ஒருவர் அன்றைக்குத்தான் தமிழில் முதல் வார்த்தை படித்தார். ஏதோ நல்ல வார்த்தை, உயிரைக் காப்பாற்றும் மந்திரம் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் மேட்ரன் அம்மாவுக்குச் சலாம் வைத்து, "கட்டையில போறவனே" என்றார். அந்த அம்மா புன்சிரிப்போடு தலையசைத்துவிட்டுப் போனார்கள். உக்கிரபாண்டி ஐயா, இந்த ஒன்றை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.

அந்த நெருப்பில் பெரியம்மாவின் வலது தோளும் கையும் வெந்து போயின. ஆறின பிறகு அந்தத் தழும்பை அவர் முந்தானையால் மறைத்ததே இல்லை. புதிதாக யார் கட்டிலுக்கு வந்தாலும் கஞ்சி கொடுக்கும் முன்னால் தழும்பைக் காட்டுவார். கதை சொல்வார். சொல்லச் சொல்ல அவர் இழுத்துப்போட்ட ஆட்களும் கூடிக்கொண்டே போனார்கள். "இம்புட்டுப் பேரா பெரியம்மா? போன வாரம் கம்மியாத்தானே சொன்னீக?" என்று நான் கேட்டால், "அன்னைக்குப் புகையில எண்ண முடியுமாடி? இப்பத்தான் ஒவ்வொருத்தனா ஞாபகத்துக்கு வாரான்" என்பார். இவரா பாராட்டை விரும்பாதவர்?

பிறகு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை செய்தவர்களுக்கு மெடல் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. துரையே சிபாரிசு செய்திருக்கிறார் என்று அழகுமலை அண்ணன் வந்து சொன்னார். அன்றிலிருந்து பெரியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுச் சுங்குடிச் சேலை எடுத்தார். மெடலை எப்படி வாங்குவது என்று, புதிதாகக் கூரை போட்ட நாலாம் வார்டில் ஒத்திகையே நடந்தது. அழகுமலை அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடியே துரையாக நடித்தார். மெடலுக்குப் பதில் மருந்து பாட்டில் மூடி.

"இடது கையை நீட்டாதீக ஆத்தா! சோத்துக் கை, சோத்துக் கை!"

"சோத்துக் கைதான்டா வெந்த கை. முழுசா நீள மாட்டேங்குது."

"அப்ப துரையைக் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுவோம்."

"வருவாரு, வருவாரு. நானே உள்ள போயி ஆளை இழுத்தாந்தேன். அவரு ரெண்டு எட்டு வரமாட்டாராக்கும்?"

விழா நாள் வந்தது. தலை நிறைய மல்லிகைப் பூ வைத்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பெரியம்மா உட்கார்ந்தார். பேர் பேராகக் கூப்பிட்டார்கள். கம்பவுண்டர் போனார், வாங்கினார். கூரை விழுந்த பிறகு தண்ணீர் வாளியோடு வந்தவர் போனார், வாங்கினார். நாங்கள் கை தட்டினோம். பிறகு துரையவர்கள் இங்கிலீஷில் ஏதோ நெடுநேரம் வாசித்தார். வாசித்து முடித்ததும் உக்கிரபாண்டி ஐயா உரக்கக் கூப்பிட்டார்:

"மிஸ்டர் ஓ. சாமல்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். "மிஸ்டர் ஓ. சாமல் வந்திருக்கிறாரா?"

பெரியம்மா என் விலாவில் இடித்தார். "யாருடி அந்தச் சாமலு? மெடலு வாங்க வராம எங்க படுத்துத் தூங்குறான், கட்டையில போறவன்!"

சபையோரே! ஒச்சம்மாள் என்ற பெயரை இங்கிலீஷில் எழுதும்போது எங்கேயோ இரண்டாக வெட்டிவிட்டார்கள். 'ஓ' ஒரு துண்டு. 'சாமல்' ஒரு துண்டு. வெட்டின துண்டுக்கு முன்னால் மிஸ்டர் போட்டு ஆம்பளையாகவும் ஆக்கிவிட்டார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் பெரியம்மா தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துரை வாசித்ததைக் கேட்ட அழகுமலை அண்ணன் கடைசி வரிசையிலிருந்து, "ஆத்தா, உங்களைத்தான்! எந்திரிங்க ஆத்தா!" என்று கத்தினார். காவலுக்கு நின்றவர், "உஸ்! துரை முன்னாடி என்ன சத்தம்?" என்று அடக்கிவிட்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாண்டு வாத்தியம் முழங்கிவிட்டது. விழா முடிந்துவிட்டது.

உண்மை தெரிந்ததும் பெரியம்மா அழவில்லை. மறுநாள் காலையில் அதே சுங்குடிச் சேலையோடு ஆபீசுக்குப் போனார். கூடப் போனவள் நான். அங்கே நடந்ததைச் சொல்கிறேன். உக்கிரபாண்டி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஐயா சொன்னார், "இந்தாம்மா, மெடல் சாமல்ங்கிற ஆம்பளைக்கு. நீ பொம்பளை. மேலிடத்துக்கு எழுதிப் போடுறேன். உத்தரவு வந்தாத்தான் மாத்த முடியும்."

"உத்தரவு வார வரைக்கும் நெருப்புக்குள்ள போனது ஆம்பளையா ஐயா?"

"துரைமாருக்கு நம்ம பேரு வாயில நுழையாதும்மா. அதுக்கு நான் என்ன செய்ய?"

அப்போது பெரியம்மா கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "எங்க வீட்டுக்காரரு பேரு மட்டும் டேசன்ல எப்படி நுழைஞ்சுச்சு? ரேகை வாங்கி எழுதிவச்சாகளே, அதுல ஒரு எழுத்து தப்புச்சா? ஒரு ராத்திரி படுக்க வரலைன்னா வீடு தேடி வந்து அதே பேரைத்தானே சொல்லிக் கதவத் தட்டுறாக? கைது பண்ணக் கூப்புடுறப்ப நுழையிற பேரு, மெடலு குடுக்கக் கூப்புடுறப்ப நுழையலையா?"

துரையவர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். சொல்லுங்கள் ஐயா. எங்கள் ஊர்ப் பக்கம் ரேகைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு குற்றமும் செய்யாத ஆண்களும் கைரேகை பதிந்து, ராத்திரிதோறும் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். பெரியம்மாவின் கணவர் காளை பெரியப்பா இதோ உட்கார்ந்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் அவர் எழுந்து போயாக வேண்டும். பெண்டாட்டி செத்த துக்கம்கூட அந்தச் சட்டத்துக்குத் தெரியாது.

ஏன் ஐயா நிறுத்திவிட்டீர்கள்? சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

வாயில் நுழையவில்லையாம்! தெர்மாமீட்டர் என்ற வார்த்தை எங்கள் வாயில் பிறந்ததா? ஆபரேஷன் தியேட்டர் என்று எங்கள் ஆத்தாமார் தாலாட்டுப் பாடினார்களா? வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே படித்துக்கொண்டோம். தப்பாகச் சொன்னால் திட்டு விழும் என்று படித்துக்கொண்டோம். இங்கே எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர், ஆயா. ஒரு குரல் கொடுத்தால் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறோம். இன்றைய கூட்டத்துக்கு வாசலில் எழுதி வைத்திருக்கிறார்களே, "நாலாம் வார்டு ஆயா மறைவுக்கு இரங்கல்" என்று? நாலாம் வார்டு ஆயா நான்கூடத்தான். நான் உயிரோடு நிற்கிறேனே!

பெரியம்மா மறுபடி வேலைக்கு வந்தார். ஒரு கட்டிலைக்கூடத் துடைக்காமல் விடவில்லை. ஆனால் தினமும் காலையில் ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஐயா, சாமலு வந்துட்டானா?" என்று கேட்பார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிப்பாய்மார்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஐயா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சாத்தின ஜன்னலைப் பார்த்தும் பெரியம்மா கேட்டார்.

பர்மா எல்லையிலிருந்து காய்ச்சலோடு வந்த சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தபோது அந்தக் காய்ச்சல் அவருக்கும் தொற்றியது. பட்டாளத்து ஆட்களுக்குத்தான் கட்டில் என்று சொல்லிவிட்டார்கள். அழகுமலை அண்ணன், "என் கட்டிலைக் குடுக்குறேன், நான் தரையில படுக்குறேன்" என்று மன்றாடினார். நடக்கவில்லை. கோச்சடையில் வீட்டில்தான் கிடந்தார். கடைசியாக நான் போனபோது கண் திறந்து பார்த்தார். "கொடி, சாமலு வந்துட்டானாடி?" என்றார். அதில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். இன்னும் வரவில்லை பெரியம்மா என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

இவரைத்தான் எதிர்பாராதவர் என்கிறீர்கள்!

இப்போது மேலிடத்து உத்தரவு வந்து, அந்த மெடலும் வெளியே வந்திருக்கிறது. மேசைமேல் பூவுக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் காளை பெரியப்பா ஆபீசில் வந்து கைநாட்டு வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இன்னும் ஒரு கைநாட்டா? மாட்டோம் ஐயா. அவர் அதைச் சபையில் வாங்க ஆசைப்பட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க, எழுந்து போய் வாங்க ஆசைப்பட்டார். அது பேராசையா? கம்பவுண்டருக்குக் கிடைத்ததுதானே? வாளி தூக்கினவருக்குக் கிடைத்ததுதானே?

இப்படிப் பேசியதற்காக நாளைக்கு என்னை வேலைக்கு வராதே என்று சொல்லலாம். சொல்லாவிட்டால் வருவேன். நாங்கள் எல்லோரும் வருவோம். நாலாம் வார்டில் கஞ்சி நேரத்துக்கு வரும், கட்டு நேரத்துக்கு மாறும், எந்த அண்ணனும் தண்ணீருக்குக் கத்த வேண்டியிருக்காது. பெரியம்மா விட்ட வேலையை நாங்கள் விடமாட்டோம். அவர் பெயரால் இதைச் சொல்கிறேன். ஆனால் ஆயா என்று கூப்பிட்டால் இனி ஒருத்தியும் திரும்ப மாட்டாள். நான் ஜெயக்கொடி. அதோ ராக்கம்மாள். அவருக்குப் பக்கத்தில் சோலையம்மாள். நாங்கள் உங்கள் வார்த்தைகளைப் படித்ததைப்போல நீங்களும் எங்கள் பெயர்களைப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம் இப்போதே தொடங்கட்டும். துரையவர்கள் தயவு செய்து எழுந்து நிற்க வேண்டும். அந்தப் பெட்டியைக் கையில் எடுக்க வேண்டும். வாய்க்கு வரவில்லை என்றால் நான் சொல்லித் தருகிறேன், கடினமில்லை, நெஞ்சிலிருந்து வரும் சத்தம்தான்: ஒச்-சம்-மாள்.

இருளாயி, எழுந்திரு. உன் அம்மாவின் சுங்குடிச் சேலையைத்தானே கட்டியிருக்கிறாய்? முந்தானையைச் சரியாகப் போடு. அழாதே. சோத்துக் கையை நீட்டு. உன் அம்மாவின் கை முழுசாக நீளாது. உன் கை நீளும்.

உக்கிரபாண்டி ஐயா, துரையிடம் சொல்லுங்கள். மிஸ்டர் சாமல் வரமாட்டார். ஒச்சம்மாள் வந்திருக்கிறார். கூப்பிடச் சொல்லுங்கள்.